ஆற்றைத் திருப்பிய வண்டிக்காரன்

செவல்மேட்டு ஜமீன்தாருக்கு ஊர் வாய்க்கால் மேல் வெகுநாளாக ஒரு கண். தாசில்தார் விசாரிக்க வந்த அன்று, எங்கேயோ தோண்டியெடுத்த பாறைப் பலகை ஒன்றை வண்டியில் கொண்டுவந்து சாவடி முன்னால் போட்டார்.

“ஆத்து மணல் அலையலையா இறுகிக் கல்லாயிருக்கு, பாருங்க. ஒவ்வொரு அலையும் சரிவா ஏறிச் செங்குத்தா இறங்குது. இறங்குற பக்கம்தான் அந்தக் காலத்துத் தண்ணி போன திசை. மேற்கே, என் நிலத்துக்கு! அப்போ வாய்க்காலும் எனக்குத்தான்.”

தாசில்தார் தலையாட்டினார். ஊரே ஒன்றும் புரியாமல் விழித்தது. கல்லை ஏற்றிவந்த புலமாடன் மட்டும் களுக்கென்று சிரித்துவிட்டான். அவன் வயலும் அந்த வாய்க்காலை நம்பித்தான் இருந்தது.

“என்னலே இளிப்பு? முடிஞ்சா அந்த ஆத்தைக் கிழக்கே ஓடவச்சுக் காட்டு. வாய்க்காலை உங்களுக்கே விட்டுடுதேன்!”

“பேச்சு மாறமாட்டியளே, எசமான்?”

“ஜமீன் வாக்குலே!”

புலமாடன் நாலு பேரைக் கூப்பிட்டான். கடப்பாரையால் நெம்பி, கல்லை அப்படியே கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போட்டான்.

“ஓடவச்சாச்சு, எசமான். காலையில வண்டியிலேருந்து இறக்குனப்போ வடக்கேதான் ஓடிச்சு. நீங்கதான் மேற்கே திருப்பிப் போடச் சொன்னிய.”

வாய்க்கால் ஊருக்கே நின்றது. அந்தக் கல்லில் இப்போது துணி துவைக்கிறார்கள். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அழுக்கு நன்றாகப் போகிறதாம்.