ஆஸ்கருக்கு ஒரு துணை

“இதுவும் செத்துப்போச்சு டீச்சர்” என்றார் மாசிலாமணி.

ஈரக் கவரை மேஜைமேல் வைத்தார். உள்ளே உள்ளங்கை அகல மீன் ஒன்று, துடுப்பெல்லாம் கிழிந்து கிடந்தது.

நேசமலர் அதைப் பார்த்தார்.

கொளத்தூரில் வண்ணமீன் கடைக்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு இருக்கிறது. மற்றவர்கள் மீனை விற்றுப் பேர் வாங்கினார்கள். நேசமலர், விற்க மாட்டேன் என்று சொல்லியே பேர் வாங்கினவர். எவ்வளவு பெரிய தொட்டி, உள்ளே வேறு யார் இருக்கிறார்கள், ஊருக்குப் போனால் யார் தீனி போடுவார்கள் என்று குடைந்தெடுத்துவிட்டுத்தான் கவரைக் கட்டுவார். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிப்பதில்லை. அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

மாசிலாமணி அவருக்குச் சிஷ்யர் மாதிரி. கிட்டத்தட்ட ஒரே வயசுதான் இருவருக்கும். ஆனாலும் கைகட்டிக்கொண்டுதான் நிற்பார்.

“உங்க ஆஸ்கர் மீன்கூடச் சின்ன மீன் போட்டீங்களா?”

“ஐயோ, இல்லீங்க. அந்தத் தப்பு ஆரம்பத்துல பண்ணினது. கப்பி வாங்கி விட்டேன், விடிஞ்சா ஒண்ணுகூட இல்ல. வாய்க்குள்ள போற சைஸா இருந்தா அது கூட்டாளி இல்ல, சாப்பாடுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அப்புறம்?”

“டெக்ஸாஸ். அந்த மீன் ஆஸ்கருக்கு மேல முரடு. ரெண்டும் மூஞ்சியைக் கிழிச்சுக்கிச்சு. திருப்பிக் கொண்டாந்துட்டேன். அப்புறம் சில்வர் டாலர், கூட்டமா விட்டேன். மூலையிலயே நின்னு நின்னு, தீனி எடுக்காமச் செத்துச்சு. இப்போ செவரம். சாதுவான மீன். அதே சைஸ், அதே தண்ணி, அதே தீனி. ஆறடித் தொட்டி. இன்னும் என்னதான் பார்க்கணும் நான்?”

நியாயம்தான். பாடம் முழுக்க ஒப்பித்தாயிற்று. மீன் மட்டும் செத்துப்போகிறது.

“அதுக்கு எதுக்குத் துணை? ஆஸ்கர் தனியாவே இருக்குமே.”

மாசிலாமணி கவரை ஓரமாக நகர்த்தினார்.

“வசுமதி வளர்த்ததுங்க. அவ போனதிலேருந்து ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டே கிடக்கு. பார்க்க முடியல.”

வசுமதி அவருடைய முதல் மனைவி. உடம்புக்கு முடியாமல் இறந்துபோனவள்.

“நான் தனியா இருக்கேன்னு இந்திராணியைக் கட்டிவெச்சாங்க. சரி, அதுக்கும் ஒரு துணை இருக்கட்டுமேன்னுதான்…”

மனசில் இருந்ததையும் கொட்டிவிட்டார்.

“வீட்லயும் நிம்மதி இல்ல டீச்சர். நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேங்கறா இந்திராணி. எப்ப வருவேன்னு கேட்டா பதில் இல்ல. என்ன குறைன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. நான் அடிச்சேனா, ஒரு வார்த்தை திட்டினேனா? அவளும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

நேசமலர் எழுந்து, தொட்டியிலிருந்து இன்னொரு செவரத்தைப் பிடித்துக் கவரில் கட்டினார்.

“ஆட்டோ கூப்பிடுங்க. உங்க தொட்டியைப் பார்க்கணும்.”

*

கதவைத் திறந்தவள் இந்திராணி. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள்.

“நீங்களும் உட்காருங்கம்மா” என்றார் நேசமலர்.

“இருக்கட்டுங்க.”

கூடத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கத் தொட்டி. உள்ளே கறுப்புக் கற்கள், ஒரு மரக்கட்டை, ஓட்டைப் பானை ஒன்று. ஆஸ்கர் பானைக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. ஆளைக் கண்டதும் எழுந்து கண்ணாடிக்கு வந்து முறைத்தது.

புது மீனுக்குத் தண்ணீர்ச் சூடு பழகட்டும் என்று நேசமலர் கவரை அவிழ்க்காமல் தொட்டியில் மிதக்கவிட்டார்.

“கல்லை யார் அடுக்கினது?”

“வசுமதிங்க.”

“அதுக்கப்புறம் மாத்தவே இல்லையா?”

“அதெப்படிங்க? அவ கைபட்ட கல்லு. தொட்டி கழுவறதுக்கு முன்னாடி செல்லுல போட்டோ எடுத்து வெச்சுக்குவேன். கழுவினதும் அதைப் பார்த்து அப்படியே திருப்பி அடுக்கிடுவேன். ஒரு விரக்கடை நகராது.”

பெருமையாகத்தான் சொன்னார், பாவம்.

“பக்கெட் இருக்கா?”

இந்திராணி கொண்டுவந்தாள். நேசமலர் ஆஸ்கரை வலையில் கோரிப் பக்கெட்டில் விட்டு, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடினார். அது உள்ளிருந்து தட்டை முட்டியது.

“கல்லை எடுங்க.”

“டீச்சர்…”

“எடுங்க.”

மாசிலாமணி தண்ணீருக்குள் கையை விட்டார். முதல் கல்லைத் தொட்டார். அதற்குமேல் கை வரவில்லை. நின்றபடியே அழ ஆரம்பித்துவிட்டார்.

“இதையும் கலைச்சுட்டா அவ இங்க இருந்தான்னு யாருக்குங்க தெரியும்?”

“மீனுக்குத் தெரியுது. அதான் கொல்லுது.”

அவர் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லை எடுத்தார். அடுத்ததையும் எடுத்தார். பானை வந்தது, கட்டை வந்தது. தொட்டி கலங்கிப்போயிற்று.

“இப்ப எங்க வெக்கறது?”

“எங்க வேணா வைங்க. பழைய இடம் மட்டும் வேணாம்.”

தண்ணீர் தெளிந்ததும் நேசமலர் கவரை அவிழ்த்துப் புது மீனை விட்டார். அது நிதானமாகச் சுற்றிப் பார்த்தது. ஒரு கல்லுக்குப் பின்னால் போய் வந்தது. கடைசியாகத்தான் ஆஸ்கரை விட்டார்.

ஆஸ்கர் நேராகப் பானை இருந்த மூலைக்குப் போயிற்று. அங்கே பானை இல்லை. திரும்பிற்று. இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போயிற்று. சொந்த வீட்டில் வழி தெரியாமல் அது தடுமாறுவதை மாசிலாமணியால் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பவும் பார்த்தபோது இரண்டும் எதிரெதிரே நின்றன. பிறகு ஆளுக்கொரு பக்கம் போயின.

“இவ்வளவுதானா டீச்சர்?”

“இவ்வளவுதான். பழசு கடைசியா உள்ள போகணும். இது யார் வீடுன்னு ரெண்டுக்கும் தெரியக் கூடாது.”

“இனிமே சேர்ந்துடுமா?”

“சில சமயம் சேரும்.”

நேசமலர் முழங்கை வரை சொட்டச் சொட்ட நின்றார்.

“கை துடைக்க ஒரு துணி குடுங்கம்மா.”

இந்திராணி அறைக்குள் போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஜிப் திறந்தது. மடித்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். துடைத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜிப் மூடியது. பெட்டி திரும்பக் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

நேசமலர் மாசிலாமணியைப் பார்த்தார்.

“இந்தம்மா இந்த வீட்டுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?”

“ஒரு வருஷம் ஆச்சு…”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

நேசமலர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று ஏதாவது சொல்வார் என்று மாசிலாமணி காத்திருந்தார். அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

*

அறையில் இந்திராணி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள்.

மாசிலாமணி குனிந்து பெட்டியை இழுத்தார். தினம் கண்ணில் படுகிற பெட்டிதான். இன்றைக்குத்தான் திறந்து பார்த்தார். புடவைகள். சீப்பு. பல் விளக்கும் பிரஷ், சோப்பு டப்பாவுக்குள். அவள் அப்பா படம் ஒன்று, துணிகளுக்கு நடுவே.

எழுந்து பீரோவைத் திறந்தார். மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு, எல்லாம் வசுமதியின் புடவைகள். அவள் மடித்து வைத்த மடிப்பு கலையவில்லை. அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது.

இரண்டு கையாலும் அள்ளினார். புடவைகள் நழுவித் தரையில் விழுந்தன.

“இதையெல்லாம் எடுத்துடறேன். இப்பவே எடுத்துடறேன். உன் துணியை இதுல வை. நாளைக்குப் போகாத இந்திராணி.”

இந்திராணி உட்கார்ந்து, கீழே விழுந்த புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வசுமதியின் மடிப்பிலேயே மடித்தாள். மடித்ததைப் பீரோவிலேயே திரும்ப வைத்தாள்.

“நான் எங்கங்க போறேன்?” என்றாள். “வந்திருந்தாத்தானே போறதுக்கு.”