வடிகட்ட மறந்த சீசா

கடலுக்கு ஒரு தோல் உண்டு. தலைமுடியைவிட மெல்லியது. உரித்தால் வலிக்காது, உரித்த இடத்தில் உடனே வளர்ந்துவிடும். அதை எதைக் கொண்டு உரிப்பீர்கள்?

ஜெனோவாவுக்கு விடை தெரியும். ஒரு கண்ணாடித் தகடு போதும். படகிலிருந்து செங்குத்தாக முக்கி மெல்லத் தூக்கினால் மேல்நீர் ஒட்டிக்கொண்டு வரும். அதை ரப்பர் பட்டையால் வழித்துச் சீசாவில் விட வேண்டும். ஹமீதா டீச்சர் சொல்லிக்கொடுத்தது. கூடவே ஒரு கண்டிப்பு: அங்கேயே, அப்போதே வடிகட்டிவிட வேண்டும்.

முதல் சீசாவை வடிகட்டினாள். இரண்டாவதை எடுத்தபோது படகுக்குப் பக்கத்தில் டால்பின்கள் துள்ளின. வடிகட்டுவது மறந்தே போயிற்று.

இப்போது கடல் ஆய்வுக்கூடத்துக் கருவி இரண்டு தாள்களைத் தந்திருந்தது. நீரில் கரைந்திருந்த ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும், அதாவது புரதத்தின் ஒவ்வொரு வகைத் துணுக்குக்கும், வரைகோட்டில் ஒரு குன்று. ஒரே இடத்து நீர்தான். ஆனால் இரண்டாம் தாளில் பெரிய குன்றுகள் தேய்ந்து கிடந்தன. ஓரத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

நாளைக்கு அறிவியல் கண்காட்சி.

"ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும் டீச்சர். கெடுத்துட்டேன். இந்தத் தாளைக் கிழிச்சுடவா?"

"டால்பின் நல்லாத் துள்ளிச்சா?"

ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள். "ரொம்ப நல்லா."

ஹமீதா டீச்சர் தன் டிபன் டப்பாவைத் திறந்து ஓர் இட்லியை நீட்டினார்.

"எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரி."

"மாவை அரைச்ச கையோட ஊத்தியிருந்தா?"

"கல்லு மாதிரி இருந்திருக்கும்."

"அரைச்சு வச்சிட்டு நான் தூங்கிட்டேன்டி. அதைப் பொங்க வச்சது யாரு?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. ஜெனோவா முதல் தாளைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். வடிகட்டியில் சிக்கியிருக்க வேண்டிய கூட்டம், கண்ணுக்கே தெரியாத கூட்டம், அந்தச் சீசாவுக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. அமினோ அமிலங்களைத் தின்றிருக்கிறது. ஒன்றை உடைத்து இன்னொன்றாக்கியிருக்கிறது.

"நுண்ணுயிரிங்க." எழுந்தே விட்டாள். "கடல் மேலயும் இதேதான் நடக்குதா டீச்சர்?"

"இந்த நிமிஷமும்."

"அப்ப நான் கெடுக்கலை."

"மறந்துட்டே, அது தப்புதான். அடுத்த தடவை வேணும்னே ஒண்ணை வடிகட்டாம வை. திரும்பவும் இப்படி வருதான்னு பாரு."

"நாளைக்கு எதை வைக்கட்டும்?"

டீச்சர் டப்பாவை மூடினார்.

"முதல் சீசாவுல அந்தக் குட்டிச் சமையல்காரங்களை வாசல்லயே நிறுத்திட்டே. ரெண்டாவதுல உள்ள விட்டிருக்கே. உள்ள நடந்த விருந்து எதை எதோட வச்சுப் பார்த்தா தெரியும்?"

ஜெனோவா இரண்டு தாள்களையும் அட்டையில் ஒட்டினாள். இரண்டாவதன் கீழே 'வடிகட்ட மறந்தது' என்று எழுதினாள்.