இலுப்பை விதைக்கு விளக்கைத் தந்த உண்ணாமலை அம்மையார்

ஜவ்வாது மலை அடிவாரத்தில், இலுப்பந்தாங்கலுக்குப் போகும் மண்சாலையை ஒட்டி ஒரு வனமர ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. காட்டு மரங்களில் நல்ல தாய்மரம் எது, அதன் வம்சத்தை எப்படிப் பெருக்குவது என்று படித்தவர்கள் ஆராய்கிற இடம். அங்கே தினக்கூலிக்கு வேலை செய்தவர் உண்ணாமலை அம்மையார். செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து பைகளில் நிரப்புவார். பூவாளியைத் தூக்கிக்கொண்டு நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுவார். தேக்கு விதையை நனைத்துக் காயவைத்து, மறுபடி நனைத்துக் காயவைத்து, அதன் முரட்டு ஓட்டை இளக்குவார். கை மண்ணில் இருக்கும்; வாய் சிவநாமத்தில் இருக்கும்.

வேலை முடிந்து கைகால் கழுவினால் நேரே கோயில்தான். கோயில் என்றதும் கோபுரம், மதில் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றை அறை. உள்ளே இலுப்பையடிநாதர், வாசலில் ஒரு கிழட்டு இலுப்பை மரம், அவ்வளவுதான். பக்கத்து ஊர் சாம்பமூர்த்தி குருக்கள் பிரதோஷத்துக்கு வந்து அபிஷேகம் செய்துவிட்டுப் போவார். மற்ற நாள்களில் சுவாமிக்கு உறவென்று இருந்தவர் அம்மையார் ஒருவரே.

இளம் வயதிலேயே கணவரைப் பறிகொடுத்து அந்தச் சந்நிதியில் அழுது நின்றவர் அவர். அன்று சுவாமிக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். "உன் மரத்து எண்ணெயத் தவிர வேற எண்ணெய ஊத்த மாட்டேன். ஒரு நாளும் உன்ன இருட்டுல உட மாட்டேன்." அதன்பின் பழம் உதிரும் காலமெல்லாம் மரத்தடியைக் கூட்டி, விதை பொறுக்கி, காயவைத்து, செக்கில் கொடுத்து ஆட்டி, அந்த எண்ணெயில் வருஷம் முழுதும் அந்திவிளக்கு ஏற்றினார். காய்ச்சல் கண்ட நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய் ஏற்றினார்.

பண்ணைக்குப் புதிதாக வந்த ஆராய்ச்சி அதிகாரி தமயந்தி, ஊர் ஊராக இலுப்பை மரங்களைப் பார்த்து வந்தவர், கோயில் மரத்தின் விதையைக் கையில் எடுத்ததும் அசந்துபோனார். அத்தனை பருமன், அத்தனை எண்ணெய். ஆனால் மரத்தின் அடியைத் தட்டிப் பார்த்தபோது வெற்றுப் பானைபோல் சத்தம் கேட்டது. உள்ளே புழு அரித்துக் கூடாகிவிட்டிருந்தது. கிளை நறுக்கி வேர்விட வைத்துப் பார்த்தார், பட்டுப்போனது. வேறு இளங்கன்றில் ஒட்டுக் கட்டிப் பார்த்தார், பிடிக்கவில்லை.

"இனிமே விதைதான் வழி. அடுத்த மழைக்காலம் வரைக்கும் இந்த மரம் நிக்குமான்னு தெரியலம்மா. உங்ககிட்ட கேக்க எனக்குக் கூச்சமா இருக்கு. சாமி எண்ணெய்க்குன்னு நீங்க பொறுக்கறதாச்சே" என்றார் தமயந்தி.

"அவரு மரம், அவரு வம்சம். குடுக்க மாட்டேன்னு சொல்வேனா?" என்றார் அம்மையார். முதலில் உதிர்வதை நாற்றுக்கு, பிறகு உதிர்வதை விளக்குக்கு என்று மனத்துக்குள் பங்கு போட்டுக்கொண்டார்.

முதல் உதிர்வு வந்தது. ஒரு விதைகூட மண்ணில் கிடக்க விடாமல் பொறுக்கினார். கழுவினார். திருநீறு தூவினார். நல்ல வெயிலில் பரப்பிக் காயவைத்து ஒரு கூடை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தார். தமயந்தி அவற்றை மணல் படுகையில் ஊன்றினார். அம்மையார் அந்தப் படுகைக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் பதிகம் பாடினார்.

ஒன்றுகூட முளைக்கவில்லை.

தோண்டிப் பார்த்தால் எல்லாம் கறுத்து அழுகிக் கிடந்தன. தமயந்திக்குப் புரியவில்லை. "விதைய எடுத்து என்னம்மா பண்ணீங்க?"

"இன்னா பண்ணுவேன்? கையில அள்ளினா கலகலன்னு சத்தம் வர்ற வரைக்கும் காயவெச்சேன்மா. சாமி சொத்தாச்சே, ஈரத்தோட குடுப்பேனா?"

தமயந்தி தலையில் கை வைத்தார். "ஐயோ, தப்பு என்னுது. நான் சொல்லாம உட்டுட்டேன். இலுப்பை தேக்கு மாதிரி இல்லம்மா. காஞ்சா உள்ள இருக்கிற உயிர் போயிடும். பழம் உழுந்த ஈரத்தோடயே ஊனணும்."

எண்ணெய்க்கு எது பக்குவமோ அதுவே முளைக்குச் சாவு என்று அம்மையாருக்கு அன்றுதான் தெரிந்தது. கோயிலுக்குப் போய், "உன் புள்ளைங்கள வெயில்ல போட்டுக் கொன்னுட்டனே!" என்று விழுந்து அழுதார்.

இரண்டாம் உதிர்வு கொஞ்சம்தான் வந்தது. ஆட்டினால் அடுத்த பருவம் வரை விளக்குக்குக் காணும். அதற்குமேல் ஒரு சொட்டு மிஞ்சாது. கூடை அவர் கையில் இருந்தது. ஒரு பக்கம் செக்கு, ஒரு பக்கம் பண்ணை. சுவாமியை இருட்டில் விடுவதா, சுவாமியின் மரத்தை வம்சமில்லாமல் விடுவதா? அம்மையார் சந்நிதி வாசலில் கூடையை இறக்கி வைத்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. பிறகு ஈரத்துணியால் அதை மூடிக்கொண்டு பண்ணைப் பக்கம் நடந்தார்.

இருந்த எண்ணெய் தீர்ந்தது. இலுப்பையடிநாதர் கோயில் முதல் முறையாக இருண்டது.

கூட வேலை செய்த வேடியம்மாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாவம், இவ சாமி இருட்டுல சுவத்தத் தடவிகினு கீறாராம். இவ மண்ணுக்கு விதைய ஊட்டிகினு கீறா!"

பிரதோஷத்துக்கு வந்த சாம்பமூர்த்தி குருக்கள் கடுத்துக்கொண்டார். "என்னடியம்மா இது? ஈஸ்வரன இருட்டுல உக்கார வெச்சுட்டு மரத்துக்கு சிசுருஷை பண்றியா? இந்தா, கடைல தீப எண்ணெய் வாங்கிண்டு வந்திருக்கேன். இத ஊத்தி ஏத்து."

அம்மையார் பாட்டிலை வாங்கவில்லை. "கோச்சுக்காதீங்க சாமி. அவரு பங்கு எண்ணெயத்தான் அங்க மண்ணுல ஊனி வெச்சிருக்கேன். அவரு இப்ப வெளிச்சத்துக்குப் பட்டினி கெடக்கறாரு, தம் புள்ளைங்களுக்காக. பட்டினி கெடக்கறவரு வாயில கடைப் பலகாரத்தத் திணிக்கச் சொல்றீங்களே!"

குருக்கள், "இவளுக்குப் புத்தி பேதலிச்சுடுத்து" என்று சொல்லி, தாமே ஏற்றிப் பூசையை முடித்துக்கொண்டு போனார். ஆனால் ஒவ்வோர் அந்தியிலும் அம்மையார் வழக்கம்போல் வந்தார். இருட்டில் உட்கார்ந்து, விளக்கு எரிகிற நாளில் பாடுவதைப் போலவே பாடினார். வாக்குத் தவறிய வேதனை இருந்தாலும் பாட்டு நிற்கவில்லை.

அதற்குள் ஒரு காற்றுமழை வந்தது. கிழட்டு இலுப்பை வேரோடு சாய்ந்தது. கோயிலுக்கு ஒரு சேதமும் இல்லை, மரம் போய்விட்டது. மணல் படுகையிலோ இன்னும் ஒரு முளையும் காணோம். "வெளக்கும் போச்சு, மரமும் போச்சு" என்றாள் வேடியம்மாள். இந்த முறை அவளும் சிரிக்கவில்லை. அம்மையார் சாய்ந்த மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூவாளியை எடுத்துக்கொண்டு படுகைக்குப் போனார்.

இப்போது பாருங்கள், சுவாமி என்ன செய்தார் என்று. சாம்பமூர்த்தி குருக்கள் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுச் சற்றே கண்ணயர்ந்தார். கனவில் இலுப்பையடிநாதர் கையைக் குறுக்கே வைத்துக் கண்ணை மறைத்தபடி நிற்கிறார். "சுவாமி, இருட்டிலே கஷ்டப்படறேளா?" என்று குருக்கள் பதறினார். "இருட்டா? உண்ணாமலை ஏத்தி வெச்சிருக்கிற வெளக்கு கண்ணக் கூசறது. போய்ப் பாரு" என்றது குரல்.

குருக்கள் எழுந்து வேர்க்க விறுவிறுக்கப் பண்ணைக்கு ஓடினார். அங்கே தமயந்தியும் வேடியம்மாளும் படுகையைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். மணல் படுகை முழுதும் கன்றுகள் எழும்பியிருந்தன. இலுப்பையின் கொழுந்து பச்சையாக வராது, கண்ணுகளா. செம்பு நிறத்தில், செக்கச்செவேலென்று வரும். சாய்வெயில் அந்தக் கொழுந்துகளின் ஊடே பாய, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரு சுடர் நின்றது. வரிசை வரிசையாகச் சுடர்கள். நடுவே உண்ணாமலை அம்மையார் குந்தியபடி, அவை அணைந்துவிடுமோ என்பதுபோல் மெல்லத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

குருக்கள் மேல்துண்டை எடுத்து, கருவறைக்குள் நுழைகையில் கட்டுவதுபோல் இடுப்பில் கட்டிக்கொண்டார். "அம்மா, சந்நிதி இங்கேன்னா இருக்கு! எனக்குத் திருநீறு குடு" என்று அவர்முன் கை நீட்டினார். அம்மையார் பதறி எழுந்து, "நானா சாமி? என் கையெல்லாம் மண்ணு" என்றார்.

"அதையே குடு" என்றார் குருக்கள். அந்த மண்ணை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார்.

சுவாமிக்கு வெளிச்சத்தைக் கொடுத்தவர் பலர். இருட்டையும் அன்போடு கொடுத்தால் அவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்பியவர் உண்ணாமலை அம்மையார். அந்தத் தாயை நினைத்தாலே நமக்கு மனம் குளிரும்.