ராஜாவுக்கு முன்னால் சாப்பிட்டவன்

மருதூர்ச் சீமையை ஆண்ட கச்சிராயருக்கு எதிரியைக் கண்டால் பயமில்லை; குழம்பைக் கண்டால்தான் பயம். யாராவது விஷம் வைத்துவிட்டால்? அதனால் அவர் சாப்பிடுமுன் ஒருவன் ருசி பார்க்க வேண்டும். ராஜாவின் சோற்றில் வேறு எவன் வாய் வைத்தாலும், கொடுத்தவர் கையில் சூடு, அப்புறம் நாடு கடத்தல். ருசி பார்க்கிற வேலை அரண்மனை அதிகாரி வீரசிங்கத்தின் மைத்துனனுக்கு. ஆள் ருசி பார்த்தே பருத்துப்போயிருந்தான்.

ஒருநாள் மத்தியானம் ராஜா இலை முன் உட்கார்ந்தார். பானை காலி!

"சமையல்காரி பொன்னுருவியின் வேலை, மகாராஜா!" என்று குதித்தார் வீரசிங்கம். "கொல்லை வாசலில் கிடந்த சுடுகாட்டுக் காவலாளி மாடனுக்கு உங்கள் சோற்றைப் போட்டுவிட்டாள். அவன் வழித்துத் தின்றுவிட்டான்!"

ராஜாவுக்குப் பசி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். "சூட்டுக்கோலைக் காய வையுங்கள்!" என்றார்.

பொன்னுருவியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். சபையில் அம்பலவாணர் என்றொரு கெட்டிக்காரர் உண்டு. வாய் சும்மா இருக்காது. அவர் மெதுவாக எழுந்தார்.

"வீரசிங்கம், இன்றைக்கு ருசி பார்க்க உங்கள் மைத்துனர் வந்தாரா?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். "அவனுக்கு... பல்வலி."

"அப்படியென்றால் பொன்னுருவி என்ன செய்வாள்? ராஜாவின் உயிர் முக்கியமாயிற்றே! மாடனை ருசி பார்க்க வைத்தாள். ஆள் உயிரோடு இருக்கிறான். சாப்பாட்டில் குற்றமில்லை!"

"ருசி பார்க்க ஒரு கவளம் போதாதா? பானையையே காலி செய்திருக்கிறானே!" என்றார் வீரசிங்கம்.

"விஷம் அடியில் இருந்தால்?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவின் மீசையும் துடித்தது. "அப்படியா பெண்ணே? ருசி பார்க்கத்தான் கொடுத்தாயா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். அம்பலவாணர் கண்ணால் ஜாடை காட்டினார்.

"இல்லீங்க மகாராஜா," என்றாள் பொன்னுருவி. "எனக்கு அதெல்லாம் தோணலை. மூணு நாளு காய்ச்சல்ல கிடந்தவரு, பசியில மயங்கி விழுந்துட்டாரு. கையில இருந்தது உங்க சோறு. போட்டுட்டேன்."

அம்பலவாணர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டீர்களா! அவளே ஒப்புக்கொண்டாள்!" என்று துள்ளினார் வீரசிங்கம்.

"கேட்டேன்." அம்பலவாணர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "மகாராஜா, சமைக்கிறவர் மேல் நம்பிக்கை இல்லாமல்தானே ருசி பார்க்க ஆள் வைத்தீர்கள்? கண்ணெதிரே சூட்டுக்கோல் பழுக்கிறது. அப்போதும் இவளுக்குப் பொய் வரவில்லை. சொந்தபந்தம் இல்லாதவன் பசியைக்கூட இவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தக் கையா உங்களுக்கு விஷம் வைக்கும்?"

ராஜா அந்தப் பெண்ணின் கையையே பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கோலைத் தண்ணீரில் போடுங்கள். இனி ருசி பார்க்க ஆள் வேண்டாம். அந்த மைத்துனன் தின்ற பங்கு தினமும் முதலில் கொல்லை வாசலுக்குப் போகட்டும்."

"ராஜாவுக்கு முன்னால் சுடுகாட்டுக்காரனா சாப்பிடுவது?" என்று பதறினார் வீரசிங்கம்.

"அவனுக்கு எனக்கு முன்னாலேயே பசித்ததே, ஐயா!" என்ற ராஜா திரும்பினார். "அம்பலவாணரே, உமக்கு என்ன வேண்டும்?"

"காலையிலிருந்து நானும் பட்டினி, மகாராஜா."

பொன்னுருவி ஒரு கும்பா நிறையப் பழைய சோறு கொண்டுவந்தாள். ராஜா அதை அம்பலவாணர் பக்கம் தள்ளினார். "நீர் முதலில் சாப்பிடும்."

அம்பலவாணர் கும்பாவைப் பார்த்தார். ராஜாவைப் பார்த்தார்.

"மகாராஜா, இது எனக்கு விருந்தா, இல்லை ருசி பார்க்கச் சொல்கிறீர்களா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பசியே மறந்துபோயிற்று என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கும்பாவில் பாதியைச் சாப்பிட்டது அவர்தான்.