அண்டாவைத் தேய்த்தவள்

மலைகள் எல்லாம் இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்த காலத்திலே, வெண்ணாவல் நாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசி இரத்தினாவதி ஒருநாள் காணாமல் போனாள். அரசனின் ஆட்கள் காட்டில் தேடினார்கள், ஆற்றில் தேடினார்கள், அண்டை நாட்டிலும் தேடினார்கள். அவளோ அரண்மனைக் கிணற்றடியிலேயே கிடந்தாள். பசியோடு வந்த கூகைமுகன் என்ற மந்திரவாதியை அவள் வாசலிலிருந்து விரட்டியிருந்தாள். அவன் கோபத்தில் அவளைக் கரிபிடித்த பித்தளை அண்டாவாக்கி, கழுவப் போட்ட பாத்திரங்களோடு உருட்டிவிட்டுப் போயிருந்தான்.

அந்தப் பாத்திரங்களைத் தேய்ப்பவள் செங்கமலம். புருஷனை இழந்தவள், அரண்மனைச் சோற்றை விட்டால் வேறு கதியில்லாதவள். புளியும் சாம்பலும் வைத்து அவள் அண்டாவைத் தேய்த்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. தான்தான் அரசி என்றது. ஒரே கை நாற்பத்தோரு நாள் விடாமல் தேய்த்தால் சாபம் தீரும், ஒருநாள் விட்டாலும், யாரிடம் சொன்னாலும் காலமெல்லாம் அண்டாதான் என்று அழுதது.

"என்னை மீட்டுவிடு, செங்கமலம். நீ கேட்டதைத் தருகிறேன்."

செங்கமலம் தேய்த்தாள். அது மார்கழிப் பனி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை விரல்கள் தண்ணீரிலும் சாம்பலிலும் ஊறின. பத்தாம் நாள் நகத்தைச் சுற்றித் தோல் வறண்டு வெடித்தது. இருபதாம் நாள் சிலும்பு சிலும்பாக உரிந்தது. சேலையில் மாட்டி இழுத்தது. எரிச்சல் தாங்காமல் பல்லால் கடித்துப் பிய்த்தாள், பிய்த்த இடமெல்லாம் ரத்தம். முப்பதாம் நாள் கட்டைவிரல் வீங்கிச் சீழ் வைத்தது.

யாராவது சூனியம் வைத்தார்களா என்று அரண்மனை வைத்தியரிடம் போய்க் கேட்டாள். அவர் விரலுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டே, சூனியமும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை என்றார். ஓயாத தண்ணீர், சாம்பலின் காரம், பனிக்காற்று, போதாததற்கு உன் பல். உரிந்த தோலைப் பிய்க்காமல் கத்தரித்துவிடு, நல்லெண்ணெய் தடவு, பத்து நாள் தண்ணீரில் கை வைக்காதே என்றார்.

பத்து நாளா என்று செங்கமலம் சிரித்தாள். திரும்பிப் போய்த் தேய்த்தாள்.

மூன்று முறை, முடியவில்லை தாயே என்றாள். மூன்று முறையும் அண்டா ஒன்றையே சொன்னது: "இன்னும் கொஞ்ச நாள்தான், செங்கமலம்."

நாற்பத்தோராம் நாள் அண்டா தகதகவென்று மின்னியது. புகை எழுந்து அடங்கியது. அரசி நின்றாள். அவள் தோளில் செங்கமலத்தின் ரத்தம் ஒட்டியிருந்தது. அரசி முதலில் பார்த்தது அதைத்தான். முகம் சுளித்து, பன்னீர் கொண்டுவரச் சொல்லி, மூன்று முறை குளித்தாள்.

அன்றைக்கே பெரிய விருந்து. செங்கமலம் சபையின் ஓரத்தில் நின்று, பத்து நாள் ஓய்வு மட்டும் வேண்டும் என்று கேட்டாள். அரசி அவளுடைய கைகளைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஆயிரம் பேர் சாப்பிட்ட பாத்திரம் கிடக்கிறது. முதலில் அதைத் தேய்த்துவிட்டு வா."

அப்போது சபை நடுவில் கூகைமுகன் வந்து நின்றான். அவன் செங்கமலத்தைப் பார்த்து, "ஒரு வார்த்தை சொல், தாயி. இவளை மறுபடியும் அண்டாவாக்கிவிடுகிறேன்" என்றான்.

செங்கமலம் தலையை அசைத்தாள்.

"வேண்டாம் சாமி. அப்போதும் நான்தானே தேய்க்க வேண்டும்."

மந்திரவாதி அவள் விரல்களைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அரசன் அவளை அழைத்து நடந்ததையெல்லாம் கேட்டறிந்தான். பத்து நாள் ஓய்வு கொடுத்தான். இனி மூன்று பெண்கள் முறை வைத்துத் தேய்க்க வேண்டும், கிணற்றடியில் எப்போதும் எண்ணெய்க் கிண்ணம் இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டான்.

பத்து நாளில் செங்கமலத்தின் விரல்களில் புதுத்தோல் வந்துவிட்டது. பதினோராம் நாள் வேலைக்குப் போனாள். கூட வந்த இரண்டு பெண்களும் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அரசி மட்டும் அந்தக் கிணற்றடிப் பக்கம் அதன் பிறகு வந்ததே இல்லை.