அக்கா எரித்த இரும்பு

அந்தக் காலத்தில், விண்மீன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது நடந்ததாக ஒரு கிழ விண்மீன் சொன்ன கதை இது. பல வருடங்களாக எனக்கு இதில் சந்தேகம் உண்டு. பிழைத்துக் கிடப்பவன் சொல்வதை எப்படி அப்படியே நம்புவது?

அப்போது எங்கும் இருந்தவை இரண்டே லேசான வாயுக்கள். மண் இல்லை, கல் இல்லை, இரும்பு என்ற பேச்சே இல்லை. ஒரே முகிலில் பிறந்த விண்மீன்கள் பேரழலும் அவள் தம்பி சிற்றழலும். அக்கா அடுப்பை முழுதாகத் திறந்து எரிப்பாள். தம்பி சிறுகச் சிறுக எரிப்பான். அது அடுப்பா, அகல் விளக்கா என்று அவள் கேலி செய்வாள். அவனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

விண்மீன்களின் அடுப்பு அணையக் கூடாது. அணைந்தால் அதன் எடையே அதை நசுக்கிவிடும். அதனால் வாயு தீர்ந்ததும் சாம்பலையே எரிப்பார்கள். பிறகு அந்தச் சாம்பலின் சாம்பலை. இன்னொரு வழக்கமும் உண்டு: எதையும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

அக்காவின் வாயு தீர்ந்தது. சாம்பலை எரித்தாள், கரி வந்தது. கரியும் சில நூறு வருடங்களில் போயிற்று. கடைசியில், பின்னாளில் மணலாகப் போகிற சத்து மட்டும் மிஞ்சியது. அது ஒரே நாள்தான் தாங்கும்.

"தம்பி, உங்கிட்ட இருக்கறதுல கொஞ்சம் தர்றியா?"

"அகல் விளக்குல என்னக்கா இருக்கு?" என்றான் சிற்றழல்.

அவள் சிரித்தாள். அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் காத்திருந்தான். மறுபடி கேட்டால் கொடுத்துவிடலாம் என்று கொஞ்சம் வாயுவை விளிம்பில் ஒதுக்கியும் வைத்தான். அந்த மணல் சத்தும் குறைந்துகொண்டே வந்தது. அவள் அடிவயிற்றில் கனமாக ஏதோ சேர்ந்தது. இரும்பு. அதுவரை யாரும் கண்டிராத சாம்பல். அதையும் வழக்கப்படி எரிக்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒதுக்கி வைத்ததைத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவளே கேட்கட்டும் என்று நிறுத்திக்கொண்டான்.

அவள் இரும்பை அடுப்பில் போட்டாள். மற்ற சாம்பலெல்லாம் சூடு கொடுத்தது. இரும்பு சூட்டைத் தின்றது. அடுப்பு அணைந்தது. அவள் உள்ளுக்குள் நொறுங்கி, மறுகணம் வெடித்துச் சிதறினாள்; இரும்பும் எங்கும் சிதறியது.

அவளுக்கு முன் பிறந்த கிழ விண்மீன்களிடம் இரும்பைத் தேடினாலும் கிடைப்பதில்லை. பின்னால் பிறந்தவற்றுக்கெல்லாம் உடம்பில் அது இருக்கிறது. நம் ரத்தத்தில் இரும்பு ஓடுவதும் அதனால்தான்.

சிற்றழல் இன்னும் எரிகிறான். இதைச் சொன்னவன் அவன்தான். அக்கா மறுபடி கேட்கவே இல்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் முடிப்பான். போன முறை நான் கேட்டுவிட்டேன்:

"அவங்க கேக்கல, சரி. நீங்களா கொடுக்க எது தடுத்துச்சு?"