கட்டியக்காரரின் ஊக்கம்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் யானைக் கொட்டில் பக்கம் போனபோது, பாகன் ஒருவன் கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டார். நாட்டில் யாருக்குமே வேலையில் ஊக்கம் இல்லை என்று அங்கேயே முடிவு கட்டினார்.

அதற்கு வழி சொன்னவர் கட்டியக்காரர் மாறநாதர். சபைக்கு வரும் அரசரின் விருதுப்பெயர்களை முழங்குவது அவர் வேலை. முழங்கி முடிக்கும்வரை அரசர் அமரக்கூடாது என்பது அந்நாட்டு மரபு.

“பெருமானே, எவரும் நேற்று செய்ததைவிட இன்று கூடுதலாகச் செய்யவேண்டும். செய்யாதவருக்கு நாளை வேலை இல்லை. ஊக்கம் தானாக வரும்” என்றார். சொல்லும்போதே அவர் கண் விகடகவி சேந்தன்மேல் இருந்தது.

சேந்தனுக்குப் புரிந்தது. அன்று காலை அவன் சொன்ன கதைக்கு அரசர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தார். அதற்குமேல் ஒரு மனிதரைச் சிரிக்க வைப்பது ஆகாத காரியம்.

“முகம் வாடிவிட்டதே, சேந்தா” என்றார் மாறநாதர்.

“உங்கள் தொண்டையை நினைத்துக்கொண்டேன், ஐயா.”

மறுநாள் ஆணை நடப்புக்கு வந்தது. அரசர் நின்றார். மாறநாதர் புதிய விருதுகளையும் சேர்த்து முழங்கிவிட்டு, நிறுத்தப் போனார்.

“ஐயா, நேற்றைவிடக் கூடிவிட்டதா?” என்று சேந்தன் பணிவாகக் கேட்டான். “நேற்று எத்தனை சொன்னீர்கள்?”

நேற்று யாரும் எண்ணவில்லை. குறைந்துவிட்டால் வேலை போகும். மாறநாதர் மறுபடி தொடங்கினார்.

போர்கள் தீர்ந்தன. முன்னோர்கள் தீர்ந்தார்கள். உச்சிவேளை வந்தது. “தும்மினால் திசை அதிரும் தீரர்” என்றார். “கீரைக்கூட்டை மறுபடி கேட்டு வாங்கும் கீர்த்தியாளர்” என்றார். சபையோர் தரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அரசர் கால் மாற்றி நின்றார். “சேந்தா, நீ இன்னும் ஒரு கதையும் சொல்லவில்லை. ஆணைப்படி உன் வேலை போய்விடும், தெரியுமா?”

“என் முறை தாங்கள் அமர்ந்த பிறகுதானே, பிரபு. தாங்கள் இன்னும் அமரவில்லையே.”

“அவரையாவது நிறுத்தச் சொல்.”

“ஊக்கமாக வேலை செய்பவரை நான் எப்படித் தடுப்பது?”

கம்மிய குரலில் மாறநாதர் அடுத்ததைச் சொன்னார்: “வலக்கால் மரத்துப்போனாலும் இடக்காலில் நின்று சமாளிக்கும் சக்கரவர்த்தி.”

அரசர் தம் கால்களைக் குனிந்து பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, மரபையும் மறந்து, அரியணையில் சாய்ந்துவிட்டார்.

“ஆணை ரத்து” என்றார், மூச்சு வாங்கியபடி. “மாறநாதருக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள்.” தம் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார். “நேற்றைவிட இன்று அதிகம் சிரித்தேன். இன்னும் என்ன வேண்டும், கேள்.”

“நாளைக்கு விடுப்பு, பிரபு” என்றான் சேந்தன்.

அரசர் மீண்டும் சிரித்து, அதையும் கொடுத்தார்.